முகவரியைப் பின்னாலிருந்து வாசிப்போம்

பக்கத்து வீட்டு மாமி ஒரு காலையில் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் போன்.

“தம்பி, பார்சல் ஒண்டு வந்து நிக்குதாம். எண்பத்தைஞ்சு ரூபா கட்டினால்தான் தருவினமாம். இந்த நீல எழுத்தை அமத்தவோ?”

மாமியின் மகள் ரொறன்ரோவில் இருக்கிறார். அந்த வீட்டுக்குப் பார்சல் வருவது புதினமில்லை. மெசேஜில் இருந்த இணைப்பும் ஊரறிந்த ஒரு பெயரோடுதான் தொடங்கியது. நான் தொடக்கத்தைப் பார்க்கவில்லை. பெயரின் கடைசிப் பகுதியைப் பார்த்துவிட்டு, “அமத்தாதேங்கோ மாமி, இது கள்ள வேலை” என்றேன்.

“முன்னுக்கு நல்ல பேர்தானே கிடக்கு?”

நியாயமான கேள்வி. பதில் சொல்ல, மகள் முன்பு அனுப்பிய கடித உறை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். உங்களுக்கும் அந்த உறையிலிருந்தே தொடங்குகிறேன்.

உறையில் முதல் வரி மாமியின் பெயர். அடுத்தது ஒழுங்கை. அப்புறம் கொக்குவில் கிழக்கு, கொக்குவில், யாழ்ப்பாணம். கடைசியில் ஸ்ரீலங்கா. எழுதியது மேலிருந்து கீழே. கடிதம் பயணம் செய்ததோ கீழிருந்து மேலே. ரொறன்ரோவில் தபால் பிரித்தவருக்குக் கடைசி வரி மட்டும் போதும். கொக்குவில் கிழக்கா மேற்கா என்பது அவருடைய கவலை இல்லை. கொழும்பில் பிரித்தவர் அதற்கு மேல் வரியைப் பார்த்து யாழ்ப்பாணத்துச் சாக்கில் போட்டிருப்பார். யாழ்ப்பாணத்தில் அதைக் கொக்குவில் தபாற்கந்தோருக்கு ஒதுக்கியிருப்பார்கள். ஒழுங்கையும் வீடும், எந்த வீட்டில் நாய் கடிக்கும் என்பதும் சைக்கிளில் வந்த தபால்காரருக்குத்தான் தெரியும்.

உலகத்திலுள்ள எல்லா வீட்டையும் தெரிந்த ஆள் எங்கேயும் இல்லை. தனக்கு அடுத்த படியை மட்டும் ஒவ்வொருவரும் அறிந்திருக்கிறார்கள், கடிதமும் வந்து சேர்ந்துவிடுகிறது. இணையத்தில் பெயர்கள் வேலை செய்வதும் இப்படித்தான். உறையில் கீழே இருப்பது இங்கே வலப்பக்கம் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு முகவரியைக் கட்டிப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நானே கட்டியது, தட்டிப் பார்க்கத் தேவையில்லை:

எச்டிடிபிஎஸ்://கடை.பனாட்டு.இலங்கை/விலை/ஆடி

முதலில் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டுங்கள். அங்கிருந்து வலப்பக்கமாகப் போனால் முதலாவது ஒற்றைச் சாய்கோடு வரும். அந்த இடத்தில் மனத்தால் ஒரு வேலி போடுங்கள். வேலிக்கு இடப்பக்கம் இருப்பது பெயர். வலப்பக்கம் இருப்பது வீட்டுக்குள்ளே எந்த அறை, எந்த அலுமாரி, எந்தத் தட்டு என்ற விபரம்.

இப்போது வேலியிலிருந்து இடப்பக்கமாக, புள்ளிக்குப் புள்ளி, திரும்பி நடவுங்கள். முதலில் ‘இலங்கை’. அது நாடு. அடுத்தது ‘பனாட்டு’. அது ஒருவர் காசு கட்டிப் பதிந்த பெயர். இரண்டும் சேர்ந்த ‘பனாட்டு.இலங்கை’ என்பதைத்தான் டொமைன் என்கிறோம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஆள்களப் பெயர் என்று இருக்கும். கடைத்தெருவில் எல்லாரும் டொமைன் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அதற்கு முன்னால் நிற்கும் ‘கடை’ உபபெயர். பனாட்டு.இலங்கையை வைத்திருப்பவர் யாரிடமும் கேட்காமல், காசும் கட்டாமல், தன் பெயருக்கு முன்னால் கடை, படம், உதவி என்று எத்தனையையும் ஒட்டிக்கொள்ளலாம். டபிள்யூ மூன்றும் இந்த இனந்தான். பழக்கத்தில் வந்த ஒரு உபபெயர், கட்டாயம் ஒன்றுமில்லை.

கள்ளனுக்கு வழி திறப்பதும் இந்தச் சுதந்திரந்தான். முன்னால் எதையும் ஒட்டலாம் என்றால், அடுத்தவன் பெயரையும் ஒட்டலாம் அல்லவா? ‘பார்சல்கட்டணம்.கொம்’ என்று ஒரு டொமைனை ஒருவன் வாங்குகிறான் என்று வையுங்கள். (ஆங்கிலத்தில் எழுத வேண்டியதைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன்.) அதற்கு முன்னால் ஒட்டி,

பனாட்டு.இலங்கை.பார்சல்கட்டணம்.கொம்/ரசீது

என்று அனுப்புகிறான். இடமிருந்து வாசித்துப் பழகிய கண் ‘பனாட்டு.இலங்கை’ என்ற இடத்தோடு திருப்திப்பட்டு நின்றுவிடும். வேலியிலிருந்து திரும்பி நடந்தால் முதலில் கொம், அடுத்தது பார்சல்கட்டணம். அங்கேயே ஆள் பிடிபட்டான். அதற்கு முன்னால் இருப்பது வெறும் அலங்காரம். மாமியின் மெசேஜில் இருந்ததும் இதே வித்தைதான்.

இதன் தம்பிமார் இரண்டு பேர் உண்டு. ஒன்று, ‘பனாட்டு-இலங்கை.கொம்’. இணைப்புக்கோடு புள்ளி ஆகாது. அந்த முழுத்துண்டும் ஒரே பெயர், யாரும் வாங்கலாம். மற்றது நல்ல பெயரை வேலிக்கு அந்தப் பக்கம் போடுவது: ‘யாரோ.கொம்/பனாட்டு.இலங்கை’. சாய்கோட்டுக்குப் பிறகு எதையும் எழுதலாம், அது எழுதியவன் வீட்டுச் சுவர். மின்னஞ்சலிலும் இதே கணக்குத்தான்: அற் (@) குறிக்குப் பின்னால் இருப்பதைக் கடைசியிலிருந்து பாருங்கள், முன்னால் ‘மனேஜர்’ என்று இருந்தாலும் சரி, ‘வங்கி’ என்று இருந்தாலும் சரி.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். எல்கே என்று முடியும் எங்கள் நாட்டு முகவரிகளில் சிலவற்றுக்கு வால் இரண்டு துண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முகவரி ஜேஎஃப்என்.ஏசி.எல்கே. பின்னாலிருந்து வந்தால் எல்கே இலங்கை, ஏசி உயர்கல்வி நிறுவனங்கள், அப்புறம்தான் யாழ்ப்பாணத்தைச் சுருக்கிய அந்த மூன்று எழுத்து. ஏசி.எல்கே வரை பார்த்துவிட்டு நின்றால் நாட்டிலுள்ள பல பல்கலைக்கழகங்களும் ஒன்றாகத் தெரியும். அரசாங்கத்துக்கான ஜிஓவி.எல்கே, பாடசாலைகளுக்கான எஸ்சிஎச்.எல்கே, வியாபாரத்துக்கான கொம்.எல்கே எல்லாம் இந்த வகை. இங்கே மூன்று துண்டு பார்க்கவேண்டும்.

பூட்டுப் படத்தை நம்பலாமா என்று கேட்பார்கள். தொடக்கத்தில் வரும் எச்டிடிபிஎஸ் என்பதன் கடைசி எஸ், உங்கள் போனுக்கும் அந்த முகவரிக்கும் இடையில் போகும் பேச்சை வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு உத்தரவாதம். நீங்கள் பேசுவது கள்ளனோடு என்றால், கள்ளனோடு மிகவும் பத்திரமாகப் பேசுகிறீர்கள். அந்தப் பூட்டுக்கு வேண்டிய சான்றிதழ் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. அதற்குப் பக்கத்தில் நிற்கும் இரட்டைச் சாய்கோடு எதற்கு என்றால், பெரிதாக ஒன்றுக்கும் இல்லை. வலையைக் கண்டுபிடித்த ரிம் பேர்னர்ஸ் லீயே 2009 ஆம் ஆண்டு, அது தேவையில்லாமல் போட்டது என்று ஒப்புக்கொண்டார். எவ்வளவு விரல்களுக்கு வீண் வேலை.

சரி, பெயர் எப்படி ஆளைக் கண்டுபிடிக்கிறது?

கணினிகளுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். இணையப் பக்கங்களை வைத்திருந்து கேட்பவருக்குக் கொடுக்கும் கணினியைச் சேர்வர் என்பார்கள். ஒவ்வொரு சேர்வருக்கும் ஐபி முகவரி என்ற எண் உண்டு. பழைய முறையில் அது நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மொத்தம் ஏறக்குறைய 430 கோடி முகவரி. அது போதாமல் போய், இப்போது மிக நீளமான புது வகை எண்களும் புழக்கத்தில் இருக்கின்றன. மனிசர் இதையெல்லாம் மனப்பாடம் செய்வது நடக்காத காரியம். அதனால் பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் ஒரு ஏற்பாடு வேண்டும்.

தொடக்க காலத்தில் அது உண்மையிலேயே ஒரு கொப்பி மாதிரி இருந்தது. கலிபோர்னியாவிலுள்ள ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு கோப்பு. வலையமைப்பிலிருந்த கணினிகளின் பெயரும் எண்ணும் அதில் எழுதியிருக்கும். மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். புதுக் கணினி ஒன்று வந்தால் அங்கே அறிவித்துச் சேர்க்கவேண்டும். சில நூறு கணினிக்கு அது சரி. வலையமைப்பு பெருகத் தொடங்கியதும் கொப்பி திணறியது. 1983 ஆம் ஆண்டு போல் மொக்கபெற்றிஸ் என்பவர் அந்தக் கொப்பியைக் கிழித்து உலகம் முழுக்கப் பங்குபோடும் முறையை வடிவமைத்தார். அதுதான் டிஎன்எஸ், அதாவது டொமைன் பெயர் முறை. அதில் ஒருவரிடமும் முழுக் கொப்பி கிடையாது. தபால் மாதிரியே, தன் படியை மட்டும் ஒவ்வொருவரும் வைத்திருப்பார்கள்.

நீங்கள் கடை.பனாட்டு.இலங்கை என்று தட்டியதும், போன் உங்கள் இணையச் சேவைக் கம்பனியின் ஒரு கணினியிடம் கேட்கும். அது ஒரு நல்ல தரகர் மாதிரி. தனக்குத் தெரிந்தால் உடனே சொல்லும், தெரியாவிட்டால் நடந்துபோய் விசாரித்துக்கொண்டு வரும். முதலில் போவது வேர் சேர்வர்களிடம். அவற்றுக்கு உலகத்தில் 13 பெயர்தான். ஆனால் அந்த 13 பெயரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிகள் பல நாடுகளில் பரவிக் கிடக்கின்றன. “பனாட்டு எல்லாம் எனக்குத் தெரியாது, இலங்கை விஷயம் பார்ப்பவர் அவர்தான்” என்று வேர் கைகாட்டும். இலங்கைப் பதிவேடு, “பனாட்டுவின் கணக்கு அந்தச் சேர்வரில்” என்று இன்னொரு கை காட்டும். அந்தச் சேர்வர் ‘கடை’க்கான எண்ணைக் கொடுக்கும். தரகர் அதைக் கொண்டுவந்து போனிடம் தருவார். கடைசி வரி, அதற்கு மேல் வரி, அதற்கு மேல் வரி. கனடாக் கடிதம் வந்த அதே பாதை. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

கேட்ட பதிலைத் தரகர் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்வார். அடுத்த முறை மறுபடி நடக்கத் தேவையில்லையே. எவ்வளவு நேரம் என்பதைப் பெயருக்குச் சொந்தக்காரரே குறித்துவைப்பார். சில நிமிடமாகவும் இருக்கலாம், ஒரு நாளாகவும் இருக்கலாம். ஒரு வெப்சைற்றைப் புது சேர்வருக்கு மாற்றிய அன்று, “எனக்குப் புதுசு வருது, உங்களுக்குப் பழசோ?” என்று அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் வாதாடுவது இதனால்தான். அண்ணனுடைய தரகர் புதிதாக விசாரித்துவிட்டார், தம்பியுடைய தரகர் பழைய ஞாபகத்தில் சொல்கிறார்.

இந்தக் கைகாட்டலில் யாராவது புகுந்து மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2021 பெப்ரவரியில் கூகிளின் எல்கே முகவரி உட்படச் சில இலங்கை முகவரிகள், சரியாகத் தட்டினாலும் வேறொரு பக்கத்துக்குப் போயின. பின்னாலிருந்து வாசிப்பது இப்படியான வேளையில் உதவாது. அப்படி நடப்பது அரிது. மாமிக்கு வந்தது போன்ற மெசேஜ் அன்றாடம் வருகிறது.

எல்கே என்ற இரண்டு எழுத்து எங்கிருந்து வந்தது என்று என்னிடம் கேட்காத மாணவன் இல்லை. “ஸ்ரீலங்காவுக்கு எஸ்எல் தானே வரவேண்டும்?” நாடுகளுக்கான சர்வதேச ஈரெழுத்துக் குறியீட்டில் எஸ்எல் சியரா லியோனுக்குப் போய்விட்டது, எங்களுக்கு லங்காவிலிருந்து எல்கே. சின்ன நாடுகளுக்கு இந்த எழுத்தில் அதிர்ஷ்டமும் அடிப்பதுண்டு. துவாலு என்ற பசுபிக் தீவு நாட்டின் குறியீடு ரீவி. தொலைக்காட்சிக்காரர்கள் அந்தப் பெயருக்காக வரிசையில் நின்றதில் அந்த நாட்டுக்கு நல்ல வருமானம். ஏஐ என்ற வால் அங்குயிலா என்ற கரிபியன் தீவினுடையது. இப்போது யார் வாங்குகிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

எல்கே பதிவுக்கு வந்தது 1990 இல். அந்த வருடம்தான் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்துக்கொண்டும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டுக்கொண்டும் இருந்தபோது, நாட்டுக்கு இணையத்தில் ஒரு பெயர் ஒதுக்கப்பட்டிருந்தது. எங்களுக்கு அது தெரியவந்தது பல வருடம் கழித்து.

தமிழில் ‘இலங்கை’ என்றே முடியும் முகவரிக்கு 2010 இல் வழி திறந்தது, சிங்களத்தில் ‘லங்கா’வுக்கும் அப்போதே. இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் தமிழில் வால் உண்டு. ஆனால் டிஎன்எஸ் பிறந்த காலத்தில் ஆங்கில எழுத்து, எண், இணைப்புக்கோடு இவ்வளவுக்குத்தான் இடம் வைத்திருந்தார்கள். அடித்தளத்தை மாற்றினால் எல்லாம் இடியும் என்பதால், தமிழ்ப் பெயரை உள்ளே ஆங்கில எழுத்துக் கோவையாக உருமாற்றி அனுப்புகிறார்கள். எக்ஸ், என், இரண்டு இணைப்புக்கோடு என்று தொடங்கி, பிறகு விளங்காத எழுத்துக் கூட்டமாக வரும். என் நண்பர் ஒருவர் தமிழ் முகவரி ஒன்றை பிரவுசரிலிருந்து பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, வாங்கியவர் அந்தக் கோவையைப் பார்த்து வைரஸ் என்று அழித்துவிட்டார்.

தமிழெழுத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘ஔ’ ஒரே எழுத்து. ‘ஒ’வுக்குப் பக்கத்தில் ‘ள’ போட்டாலும் கண்ணுக்கு அதே. தமிழ் எண் ஒன்று ‘௧’, எழுத்து ‘க’. ஏழு ‘௭’, எழுத்து ‘எ’. மனிசக் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஒரு பெயரைப் போலவே தோன்றும் இன்னொரு பெயரைக் கள்ளன் பதிந்துவிடக்கூடாது என்பதற்காக, தமிழ் முகவரியில் எந்த எழுத்தை அனுமதிக்கலாம் என்று தனி விதிகள் வகுக்கவேண்டி வந்தது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால்: தமிழ் முகவரி எடுங்கள், கடைப் பலகையில் அழகாக எழுதுங்கள், அதோடு ஆங்கிலத்திலும் ஒன்றை வைத்திருங்கள். மின்னஞ்சல் படிவங்களில் பல இன்னும் தமிழ் முகவரியை ஏற்பதில்லை.

இனி வாங்குவதைப் பற்றி. வாங்குவது என்று சொல்கிறோமே தவிர, டொமைன் வாடகைதான். வருடக்கணக்கில் கட்டவேண்டும்; டொட் கொம் என்றால் ஒரேயடியாக அதிகபட்சம் 10 வருடம். பெயர் ஒரு செலவு, பக்கங்களை வைக்கும் ஹொஸ்டிங் வேறு செலவு. பெயர்ப்பலகையும் வீடும் மாதிரி. இரண்டையும் ஒரே ஆளிடம் எடுக்கவேண்டும் என்றில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பழைய மாணவர் சங்கத்துக்கு அழகான வெப்சைற் இருந்தது. வெளிநாட்டிலிருந்த உறுப்பினர் ஒருவர் ஆசையோடு தன் வங்கி அட்டையில் காசு கட்டி, தன் மின்னஞ்சலைக் கொடுத்து, தன் பெயரிலேயே டொமைனைப் பதிந்திருந்தார். சில வருடத்தில் அட்டை மாறியது, மின்னஞ்சலும் மாறியது. புதுப்பிக்கச் சொல்லி வந்த ஞாபகக் கடிதங்கள் யாரும் திறக்காத பெட்டியில் விழுந்துகொண்டிருந்தன. டொட் கொம் காலாவதியானால் பொதுவாகச் சில வாரம் பொறுப்பார்கள், அதற்குப் பிறகு கூடிய காசு கட்டி மீட்க ஒரு மாதம், அதுவும் போனால் முதலில் வருபவருக்கு. எவனோ முதலில் வந்துவிட்டான். விளையாட்டுப் போட்டி அழைப்பிதழில் அச்சடித்த முகவரியைத் தட்டிய ஓய்வுபெற்ற அதிபர் ஒருவருக்குச் சூதாட்டப் பக்கம் திறந்தது. சங்கத்து வாட்ஸ்அப் குழு அன்றிரவு தூங்கவில்லை.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 1999 டிசம்பரில் மைக்ரோசொப்ற், தன் ஹொட்மெயில் மின்னஞ்சலுக்குள் நுழையும் வழியான பாஸ்போட் டொட் கொம் பெயரைப் புதுப்பிக்க மறந்து, அந்த மின்னஞ்சல் பலருக்குத் திறக்காமல் போனது. வெளியார் ஒருவர் 35 டொலர் கட்டிச் சரிசெய்தார். ஊர்ச் சங்கத்துக்கு அப்படி ஒரு நல்ல மனிசர் அமையவில்லை.

அதனால் இம்முறை சங்கத்தின் பெயரிலேயே பதிந்தார்கள். தொடர்பு மின்னஞ்சலைத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் திறக்கக்கூடியதாக வைத்தார்கள். ஐந்து வருடத்துக்குக் காசு கட்டினார்கள். இதெல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்த வேலை. புதுப் பெயரைத் தெரிவுசெய்யத்தான் இரண்டு கூட்டம் தேவைப்பட்டது. போனில் சொன்னால் மற்றவர் பிழையில்லாமல் எழுதக்கூடிய பெயராக இருக்கவேண்டும் என்று நான் சொல்லிவைத்தேன், அதுவே வினையாகியது. எங்கள் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு வழி. கொக்குவிலுக்கு ஒரு கே போதுமா, இரண்டு கே வேண்டுமா? கொழும்புக் கிளை ஒன்று என்றது, லண்டன் கிளை இரண்டு என்றது. கடைசியில் இரண்டையும் பதிந்து, ஒன்றைத் தட்டினாலும் மற்றதற்குப் போகும்படி செய்துவிட்டார்கள். எது மற்றதற்குப் போவது என்பதில் அடுத்த கூட்டம் வைத்திருக்கிறார்கள்.